பாகங்களாகப் பிரிக்கப்பட்ட சூரியன்

ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் சந்திப்பில் நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். அவற்றிலிருந்து இறங்குகிறவர்களில் பலர் செய்வது முழு வண்டியை அல்ல, வண்டியின் ஏதோ ஒரு பாகத்தை. ஒருவர் இருக்கை, ஒருவர் கண்ணாடி, ஒருவர் டயர். எங்கெங்கோ செய்யப்பட்டவை ஒரு லைனில் வந்து சேர்ந்து காராகவோ லாரியாகவோ வெளியே போகின்றன. பாகம் அளவில் பிசகினால் அது ரிஜெக்ட். டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்கு வரும் பையனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம் இது.

உலகின் மிகப் பெரிய அறிவியல் கருவிகளுள் ஒன்றும் இப்படித்தான் பாகம் பாகமாகச் செய்யப்பட்டு வருகிறது. தெற்கு பிரான்சில் கதராஷ் என்ற இடத்தில் எழும் அதன் பெயர் ஈட்டர். சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவைப் பூமியில் நிகழ்த்திக் காட்டுவது அதன் வேலை. கார் தொழிற்சாலையில் ஒரு பாகத்தை எந்த வெண்டரிடம் வாங்குவது என்று முடிவு செய்கிறவர் விலையையும் தரத்தையும் பார்ப்பார். ஈட்டரில் அந்த முடிவை எடுத்தது நாடுகளுக்கு இடையே நடந்த பேரம். அந்தப் பேரத்தில் இந்தியாவும் ஒரு பங்குதாரர், பதினொன்றில் ஒரு பங்கு. இணைவு ஆற்றல் ஏன் இன்னும் வரவில்லை என்ற கேள்விக்கு இயற்பியலில் பாதி பதில்தான் கிடைக்கும். மீதியைப் பணம் எந்த அலுவலகம் வழியாக வருகிறது என்பதில் தேட வேண்டும்.

2005ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்க்கலாம். அந்த ஏப்ரலில் நோக்கியா தன் செல்போன் ஆலைக்குச் சென்னையைத் தேர்ந்தெடுத்தது. 2006 ஜனவரியிலேயே ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிவிட்டது. அதே 2005 ஜூலையில் வாகனங்களைச் சோதிக்க நாட்டில் பல இடங்களில் ஆய்வுக்கூடங்கள் அமைக்கும் 'நாட்ரிப்' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 1,718 கோடி ரூபாய் ஒதுக்கியது; அதன் ஒரு மையம் ஒரகடத்தில் சுமார் 300 ஏக்கரில் இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில், தென்கொரியாவின் ஜெஜு தீவில் நடந்த கூட்டத்தில், ஈட்டர் திட்டம் இந்தியாவை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

மூன்றும் அரசின் ஆதரவோடு நடந்தவை. நோக்கியாவுக்குச் சலுகைகள் உடனே கிடைத்தன, ஆலையும் உடனே எழுந்தது. வரித் தகராறு, கம்பெனி கைமாற்றம் என்று போய் 2014 நவம்பரில் மூடியும் விட்டது. நாட்ரிப்பின் மதிப்பீடு 2011இல் 2,288 கோடியாகி, 2016இல் 3,727 கோடியானது. ஆய்வுக்கூடம் என்றால் ஆலை மாதிரி சீக்கிரம் முடிந்துவிடாது என்பதை ஒரகடம் தன் கண்ணாலேயே பார்த்தது. மூன்றாவது முடிவின் கதை இருபது ஆண்டு கடந்தும் பாதி வழியில்தான் இருக்கிறது.

இணைவு என்பது என்ன? யுரேனியம் போன்ற கனமான அணுக்கருவைப் பிளந்து ஆற்றல் எடுப்பது கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் நடக்கிறது. இணைவு அதற்கு நேர் எதிர். ஹைட்ரஜனின் கனமான வடிவங்களான டியூட்டீரியம், டிரிட்டியம் இரண்டின் கருக்களையும் ஒன்றாகச் சேர்த்து ஹீலியம் ஆக்கினால் ஆற்றல் வெளிவரும். சேர்ப்பதுதான் பாடு. இரண்டு கருக்களும் நேர் மின்னேற்றம் கொண்டவை, கிட்டே போனாலே தள்ளிக்கொள்ளும். ஈட்டரில் 15 கோடி டிகிரி வரை சூடாக்கினால்தான் அவை மோதிச் சேரும். அந்தச் சூட்டைத் தாங்கும் பாத்திரம் உலகில் இல்லை. அதனால் பிளாஸ்மா என்ற அந்த மின்னேற்ற வாயுவை, வடை போல் நடுவே ஓட்டை உள்ள ஒரு அறைக்குள், சுவரில் படாமல் காந்தப்புலத்தால் மிதக்கவிடுகிறார்கள். ரஷ்யர்கள் கண்டுபிடித்த இந்த அமைப்புக்கு டோக்கமாக் என்று பெயர். காந்தங்களை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். சில மீட்டர் இடைவெளியில் இத்தனை சூடும் இத்தனை குளிரும்.

ஈட்டரின் விதை 1985இல் ஜெனிவாவில் விழுந்தது. ரீகனும் கோர்பச்சேவும் சந்தித்தபோது, பனிப்போருக்கு நடுவே இரு தரப்பும் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு காரியமாக இணைவு ஆய்வு கிடைத்தது. அதாவது, அது பிறந்ததே ராஜதந்திர மேசையில். வரைபடம் முடிந்து செலவுக் கணக்கு வந்ததும் அமெரிக்கா 1990களின் இறுதியில் விலகிக்கொண்டது. மற்றவர்கள் கருவியைச் சிறிதாக்கிச் செலவைப் பாதியாக்கினார்கள். 2003இல் அமெரிக்கா திரும்பி வந்தது. சீனாவும் கொரியாவும் சேர்ந்தன.

பிறகு, எங்கே கட்டுவது என்ற சண்டை. பிரான்சின் கதராஷா, ஜப்பானின் ரொக்காஷோவா? ஒன்றரை ஆண்டுக்கு மேல் இழுபறி. 2005 ஜூனில் மாஸ்கோவில் தீர்ந்தது: இடம் பிரான்சுக்கு, முதல் தலைமை இயக்குநர் பதவி, ஐந்தில் ஒரு பங்கு பணியிடங்கள், ஐரோப்பாவின் கொள்முதலில் ஒரு பகுதி, கூடவே ஜப்பானிலேயே துணை ஆய்வுக் கருவிகள் ஆகியவை ஜப்பானுக்கு. அந்தத் துணைக் கருவிகளில் ஒன்றான ஜேடி-60எஸ்ஏ, நாகா நகரில் 2023 அக்டோபரில் முதல் பிளாஸ்மாவை உண்டாக்கிவிட்டது. சமாதானத்துக்காகக் கொடுத்த கருவி ஓட ஆரம்பித்துவிட்டது. பெரிய கருவி இன்னும் கட்டப்படுகிறது.

இந்தியா உள்ளே நுழைந்த கதவும் ஆய்வகக் கதவு அல்ல. 2005 ஜூலை 18 அன்று வாஷிங்டனில் மன்மோகன் சிங்கும் ஜார்ஜ் புஷ்ஷும் வெளியிட்ட கூட்டறிக்கையை நாம் அணுசக்தி ஒப்பந்தத்தின் தொடக்கமாக நினைவில் வைத்திருக்கிறோம். அதற்குள்ளேயே, ஈட்டரில் இந்தியாவைச் சேர்ப்பது பற்றி மற்ற நாடுகளிடம் பேசுவதாக அமெரிக்கா ஒப்புக்கொண்ட வரியும் இருந்தது. 1974, 1998 அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிறகு ஒதுக்கிவைக்கப்பட்ட நாட்டுக்கு, உலக அணு அறிவியல் மேசையில் நாற்காலி கிடைத்தது. பணம் கொடுக்க டெல்லிக்கு அது போதுமான காரணம். 2006 நவம்பர் 21 அன்று பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது: ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, கொரியா, இந்தியா.

இங்கேதான் ஒரகடத்துக்காரர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. ஏழு உறுப்பினர்களும் தங்கள் பங்கில் பெரும்பகுதியைப் பணமாகக் கொடுக்கவில்லை, பொருளாகக் கொடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு மொய் எழுதாமல் ஒருவர் அரிசி மூட்டை, ஒருவர் பந்தல், ஒருவர் பாத்திரம் என்று ஏற்றுக்கொள்வது போல. இதில் நியாயம் உண்டு: வரிப்பணம் உள்நாட்டுத் தொழிற்சாலைக்கே போகிறது, வேலை கிடைக்கிறது, கற்றுக்கொண்டது நாட்டிலேயே தங்குகிறது. அறிவுச் சொத்தும் எல்லோருக்கும் பொது. இருக்கையின் வரைபடம் வேறு நாட்டின் தலைமையகத்தில் இருக்க, அதைச் செய்து மட்டும் கொடுக்கிற வெண்டரின் நிலை ஈட்டர் உறுப்பினருக்கு இல்லை.

ஆனால் எல்லா நாட்டுக்கும் எல்லா நுட்பமும் கற்க ஆசை. அதனால் ஒரே பொருளைப் பிரித்துக்கொண்டார்கள். பிளாஸ்மா இருக்கும் வெற்றிடக் கலத்தை ஆரஞ்சுச் சுளை போல ஒன்பது துண்டாக்கி, நான்கைக் கொரியாவும் ஐந்தை ஐரோப்பாவும் ஏற்றுக்கொண்டன. ஒவ்வொரு துண்டும் 440 டன். பெரிய காந்தச் சுருள்கள் பத்து ஐரோப்பாவில், ஒன்பது ஜப்பானில். அந்தச் சுருள்களுக்கான மீக்கடத்திக் கம்பியோ ஆறு உறுப்பினர்களிடமிருந்து வந்தது. வாகன ஆலையில் ஒரே கதவை ஆறு ஊரில் ஆறு கம்பெனிகள் செய்து, பில்லை ஆறு முதலாளிகள் கட்டினால் தர ஆய்வாளர் என்ன பாடுபடுவார்? ஈட்டரில் அந்த ஆய்வாளரின் நிலை அதைவிட மோசம். ஒவ்வொரு நாட்டின் பணப்பையும் அந்த நாட்டு நிறுவனத்தின் கையில். கதராஷில் இருக்கும் தலைமை இயக்குநரால் தாமதிக்கும் சப்ளையரை மாற்ற முடியாது; சப்ளையர் என்பது ஒரு இறையாண்மை கொண்ட நாடு. 2013இல் வில்லியம் மாடியா தலைமையில் நடந்த மேலாண்மை ஆய்வு இந்த நிர்வாக அமைப்பையே கடுமையாகக் குறை சொன்னது. 2015இல் பொறுப்பேற்ற பிரான்சின் பெர்னார் பிகோ, முடிவெடுக்கும் அதிகாரமும் அவசரச் செலவுக்கு ஒரு பொது நிதியும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார்.

அப்படியும் 2022இல் அடி விழுந்தது. வந்து சேர்ந்திருந்த கலத் துண்டுகளின் விளிம்புகள் ஒன்றோடொன்று வெல்டிங் செய்யும் அளவுக்குப் பொருந்தவில்லை. வெப்பக் கவசத்தில் ஒட்டியிருந்த குளிர்விப்புக் குழாய்களில் அரிப்பால் விரிசல் கண்டார்கள். குழிக்குள் இறக்கி வைத்திருந்த முதல் பகுதியை 2023இல் மறுபடி வெளியே தூக்க வேண்டியிருந்தது. 2016இல் முதல் பிளாஸ்மா என்று தொடங்கிய திட்டம், 2024 ஜூலையில் வந்த புதிய அட்டவணைப்படி 2034இல்தான் ஆய்வைத் தொடங்கும். டியூட்டீரியமும் டிரிட்டியமும் சேரும் உண்மையான இணைவு 2039இல். கூடுதல் செலவு சுமார் 500 கோடி யூரோ.

இந்தியாவின் பங்கு இந்தக் கதையில் தலைகுனிய வேண்டிய பங்கு அல்ல. கருவி முழுவதையும் உள்ளடக்கும் கிரையோஸ்டாட் என்ற வெற்றிட உறை நம் பொறுப்பு. கிட்டத்தட்ட 29 மீட்டர் விட்டம், 3,850 டன் துருப்பிடிக்காத எஃகு. குஜராத்தின் ஹசிராவில் எல் அண்ட் டி 54 துண்டுகளாகச் செய்து கப்பலேற்றியது. கதராஷில் தனிப் பட்டறை போட்டு அங்கே வெல்டிங் செய்து சேர்த்தார்கள். 1,250 டன் அடிப்பகுதி 2020 மே மாதம், கொரோனா முடக்கத்துக்கு நடுவே, குழிக்குள் இறங்கியது. கலத்தின் இரட்டைச் சுவருக்கு நடுவே அடுக்கும் கவசப் பலகைகள் பெங்களூரின் அவசராலா நிறுவனத்தில் செய்யப்பட்டவை. குளிர்நீர் அமைப்பு, கடுங்குளிர்க் குழாய்த் தொடர், மின்வழங்கிகள் என்று பட்டியல் நீளும்.

ஒரகடம் பக்கம் இத்தனை பெரிய தொழில் வட்டாரம் இருந்தும் இந்த வேலையில் முன்வரிசையில் இருக்கும் பெயர்கள் குஜராத்தையும் பெங்களூரையும் சேர்ந்தவையாக இருப்பதும் நிறுவன வரலாறுதான். விக்ரம் சாராபாய் 1947இல் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். 18 வயதில் டெல்லி ஐஐடியில் முனைவர் பட்டம் முடித்துப் பிரின்ஸ்டன் போன காஷ்மீரத்து இளைஞர் பிரெதிமன் கிருஷ்ண காவ், 1982இல் அமெரிக்காவிலிருந்து திரும்பி அங்கேதான் பிளாஸ்மா திட்டத்தைத் தொடங்கினார். ஆய்வுக்கூடம் விண்வெளித் துறையின் கீழ், திட்டத்துக்குப் பணம் அறிவியல் தொழில்நுட்பத் துறையிலிருந்து. 1986இல் அது காந்திநகர் அருகே பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனமாகத் தனியே பிரிந்தது. அணுசக்தித் துறை அதை எடுத்துக்கொண்டது 1990களின் நடுவில்தான்.

இதில் வியப்பு உண்டு. 1955இல் ஜெனிவாவில் ஐ.நா.வின் முதல் அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஹோமி பாபா, இருபது ஆண்டுக்குள் இணைவைக் கட்டுப்படுத்தும் வழி கண்டுபிடிக்கப்படும் என்று உலகத்தின் முன் துணிந்து சொன்னார். அவர் உருவாக்கிய துறையோ அந்தக் கனவைக் கையில் எடுக்க நாற்பது ஆண்டு எடுத்துக்கொண்டது.

அந்த இடைவெளி ஒரு நன்மையும் செய்தது என்பது இக்கட்டுரையின் எண்ணம். சின்ன நிறுவனம், சின்னத் தொகை, கேள்வி கேட்க மேலே பெரிய வரிசை இல்லை. கொல்கத்தாவின் சாகா நிறுவனம் 1980களில் ஜப்பானின் தோஷிபாவிடம் ஒரு டோக்கமாக்கை விலைக்கு வாங்கியது. காவின் குழுவோ தானே கட்டுவது என்று முடிவு செய்து, 1989இல் ஆதித்யாவை ஓட்டிக் காட்டியது. அந்தத் தெம்பில் அடுத்ததாக மீக்கடத்திக் காந்தங்கள் கொண்ட எஸ்எஸ்டி-1க்கு 1994 வாக்கில் ஒப்புதல் வாங்கினார்கள். பிளாஸ்மாவை 1,000 விநாடி தாங்குவது இலக்கு. உலகில் அப்போது அது துணிச்சலான இலக்கு.

ஏறக்குறைய அதே நேரத்தில் இன்னும் இரண்டு நாடுகள் அதே வகைக் கருவியைத் தொடங்கின. கொரியாவின் கே-ஸ்டார் 1995இல், சீனாவின் ஈஸ்ட் 1998இல். ஒரே வகுப்பில் சேர்ந்த மூன்று பிள்ளைகள் போல.

ஈஸ்ட் 2006இலும் கே-ஸ்டார் 2008இலும் முதல் பிளாஸ்மாவைப் பார்த்தன. எஸ்எஸ்டி-1ஐக் கூட்டிக் குளிர்வித்தபோது கசிவுகள் வந்தன. பிரித்து, திருத்தி, மறுபடி கூட்டி, 2013 ஜூனில்தான் முதல் பிளாஸ்மா. 2025 ஜனவரியில் ஈஸ்ட் 1,066 விநாடி தாங்கியது. எஸ்எஸ்டி-1 எட்டியது ஒரு விநாடிக்கும் குறைவு, சுமார் 650 மில்லி விநாடி. காந்திநகரின் விஞ்ஞானிகள் திறமையில் குறைந்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காவ் உலகம் மதித்த பிளாஸ்மா அறிஞர். வித்தியாசம் வேறு இடத்தில். கொரியா தன் பெரும் தொழில் நிறுவனங்களை முதலிலேயே உள்ளே இழுத்தது. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாயின் பெயரையே தாங்கிய கப்பல் கட்டும் நிறுவனம்தான் கே-ஸ்டாரின் வெற்றிடக் கலத்தைச் செய்தது. 2007இல் இணைவு ஆற்றலுக்கென்றே தனிச் சட்டமும் இயற்றினார்கள். சீனாவில் ஈஸ்ட் முடிந்ததும் மேம்படுத்தும் பணியும் அடுத்த கருவிக்கான வேலையும் நிற்காமல் தொடர்ந்தன.

இங்கே, எஸ்எஸ்டி-1 தடுமாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஈட்டர் வந்து சேர்ந்தது. மற்ற ஆறு உறுப்பினர்களுக்குக் கொடுத்த வாக்கு, தவறினால் மானக்கேடு. சொந்தக் கருவிக்கு அப்படி வெளியிலிருந்து யாரும் தவணை கேட்க மாட்டார்கள். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் தட்டாமல் போகும், சொந்த வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றுவது தள்ளிப்போகும். உலகத்தரமான கிரையோஸ்டாட்டைச் செய்யக் கற்ற நாட்டில், அந்தக் கல்வியைப் பயன்படுத்த அடுத்த உள்நாட்டுக் கருவி ஒன்று கட்டுமான நிலையில் இல்லை. பாகம் செய்யும் திறமை முழுக் கருவியாக மாற வேண்டுமானால் வீட்டிலேயே ஒரு லைன் ஓட வேண்டும் என்பது இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை எந்த வெண்டருக்கும் தெரியும்.

ஒரகடத்திலிருந்து தெற்கே சிங்கப்பெருமாள்கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் தாண்டினால் கல்பாக்கம். இணைவு ஆய்வில் தமிழ்நாட்டின் பெயர் நிலைக்கும் வேலை அங்கேதான் நடந்தது. பலருக்கு அது தெரியாது. இணைவில் பிறக்கும் நியூட்ரான் அசுர வேகம் கொண்டது. அது தாக்கும் எஃகு கதிரியக்கம் ஏறி, நெடுங்காலத்துக்குத் தொட முடியாத கழிவாகிவிடும். அணு உலைகளில் பழகிய குரோமிய எஃகில் உள்ள மாலிப்டினமும் நியோபியமும்தான் இதில் முக்கியக் குற்றவாளிகள். அவற்றை எடுத்துவிட்டு டங்ஸ்டனும் டாண்டலமும் சேர்த்தால் கதிரியக்கம் வெகு சீக்கிரம் தணியும். எவ்வளவு சேர்ப்பது? இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் உலோகவியலாளர்கள் பல கலவைகளை உருக்கி, இழுத்து, சூட்டில் தொங்கவிட்டுச் சோதித்து, 1.4 சதவீத டங்ஸ்டன், 0.06 சதவீத டாண்டலம் என்ற கணக்குக்கு வந்தார்கள். ஹைதராபாத்தின் மிதானி அதை உருக்கிக் கொடுத்தது. டிரிட்டியத்தை உற்பத்தி செய்யும் உறை ஒன்றை ஈட்டருக்குள் வைத்துச் சோதிக்கும் இந்தியத் திட்டத்துக்காக உருவான எஃகு அது.

இந்த வேலை கல்பாக்கத்தில் நடக்க முடிந்ததற்குக் காரணம், வேக ஈனுலைக்காகப் பல்லாண்டு கட்டி வளர்த்த உலோக ஆய்வகங்கள் அங்கே தயாராக இருந்தன. அந்த ஈனுலைக்கு 2003இல் 3,492 கோடி ரூபாய் ஒப்புதலானது, 2010இல் முடிய வேண்டியது. மதிப்பீடு 5,677 கோடியாக உயர்ந்தது. உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. இத்தனை தாமதத்திலும் அந்தத் திட்டத்தை நிறுத்தலாம் என்ற பேச்சு எழவில்லை. பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தில் ஈனுலை இரண்டாம் கட்டம், தோரியத்துக்குப் போகும் பாலம். துறையின் அடையாளமே அதில் இருக்கிறது. இணைவுக்கு அந்த மூன்று கட்டங்களில் இடம் இல்லை.

அமெரிக்கக் கதையும் தூய இயற்பியல் கதை அல்ல. லிவர்மோர் ஆய்வகத்தில் 37 கோடி டாலருக்கு மேல் செலவழித்து எம்எஃப்டிஎஃப்-பி என்ற காந்தக் கருவியைக் கட்டி, 1986 பிப்ரவரியில் திறப்பு விழா நடத்தினார்கள். பட்ஜெட் வெட்டில் ஒரு சோதனைகூடச் செய்யாமல் அதை மூடினார்கள். அதே லிவர்மோரில் 2022 டிசம்பரில் லேசர் மூலம் 2.05 மெகாஜூல் செலுத்தி 3.15 மெகாஜூல் எடுத்த சாதனைக்குப் பணம் வந்தது மின்சாரத்துக்கான கணக்கிலிருந்து அல்ல, அணு ஆயுதப் பராமரிப்புக் கணக்கிலிருந்து. இப்போது தனியார் முதலீடும் கொட்டுகிறது. மாசசூசெட்ஸின் காமன்வெல்த் ஃப்யூஷன் 2021இல் மட்டும் 180 கோடி டாலர் திரட்டியது.

இந்தியாவில் 2025-26 மத்திய பட்ஜெட் சிறிய அணு உலைகளின் ஆய்வுக்கு 20,000 கோடி ரூபாய் அறிவித்தது. அதே ஆண்டு காந்திநகர் ஆய்வாளர்கள் தங்கள் வழித்தடத்தை வெளியிட்டார்கள். அடுத்த கருவிக்கு எஸ்எஸ்டி-பாரத் என்று பெயர். 130 மெகாவாட் தரும். செலவு சுமார் 25,000 கோடி. 2060இல் 250 மெகாவாட் மாதிரி உலை. நுணுக்கிப் பார்த்தால், அந்த 130இல் 100 மெகாவாட் பிளவிலிருந்தே வருகிறது. இணைவும் பிளவும் கலந்த கருவி அது. அறிவியல் காரணங்கள் அதற்கு உண்டு. பிளவையே உயிராகக் கொண்ட ஒரு துறையிடம் பணம் கேட்கும்போது எந்த மொழியில் கேட்பது என்ற அனுபவமும் அதில் சேர்ந்திருக்கிறது என்று தோன்றுகிறது. இரண்டு தொகைகளில் ஒன்று பட்ஜெட் உரையில் இருக்கிறது. மற்றது ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது.

இந்தியா ஈட்டரில் சேர்ந்த 2005இல் ஒரு பொறியாளர் தன் 25ஆவது வயதில் அணுசக்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தால், 60 வயதாகி அவர் ஓய்வு பெறுவது 2040இல். ஈட்டரில் டியூட்டீரியம் டிரிட்டியத்தோடு சேர்ந்து எரிய வேண்டிய ஆண்டு இப்போதைய அட்டவணைப்படி 2039. அதற்குள் இன்னொரு துண்டு வெளியே தூக்கப்படாமல் இருந்தால், தன் கையெழுத்துப் போட்ட எஃகின் மேல் இணைவு நியூட்ரான் படுவதை அவர் ஓராண்டு பணியில் இருந்தபடியே பார்ப்பார்.